கூழ் ஊற்றுவதில் கைசன்: எட்டே படிகளில்

ஆடி பிறந்துவிட்டது. உங்கள் தெரு மாரியம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். நீங்கள் ஆலையிலோ ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்ப்பவராக இருந்தால், சொம்போடு வரிசையில் நிற்கும்போதே உங்களுக்குக் கை துறுதுறுக்கும். "இவ்வளவு பேர், இவ்வளவு நேரம், இவ்வளவு குழப்பம்! நம்ம ஷாப்ஃப்ளோரில் இப்படி நடந்தால் விடுவார்களா?" என்று தோன்றும். தோன்றிய அடுத்த நொடியே சொம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். போக முடியாதவர்களுக்காக இந்த வழிகாட்டி.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 16 வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசை வாங்கியது. அதை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அதுதான். அந்தக் காற்று எங்கள் பக்கமும் அடித்ததில் டீக்கடையில்கூட ஜப்பானியச் சொற்கள் புழங்கும். 'கைசன்' என்றால் சிறுகச் சிறுகச் சீராக்கிக்கொண்டே போவது. 'முடா' என்றால் விரயம். ஒருமுறை டீ மாஸ்டரிடம் "இது முடா" என்று நண்பர் ஒருவர் சொல்லப்போக, அவர் காதில் அது 'மூடா' என்று விழுந்து கைகலப்பு வரை போனது. அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் முதல் வருடம் பார்த்தேன். இரண்டாம் வருடம் செய்தேன். மூன்றாம் வருடம் வாளி தூக்கினேன். இதுதான் என் அனுபவச் சுருக்கம். விரிவு கீழே.

தேவையான பொருட்கள்

ஸ்டாப்வாட்ச் – 1 (செல்போனில் இருப்பதே போதும்)
சாக்பீஸ் – 1
சிவப்பு அட்டை, லேமினேட் செய்தது – 50
ஃபோர்டு கப் – 1 (பெயிண்ட் ஷாப்பில் கேட்டு வாங்கவும்)
வெள்ளைப் பலகை – 1
ஜப்பானியச் சொற்கள் – தேவைக்கேற்ப
அடக்கம் – ஒரு சிட்டிகை (கைவசம் இல்லாவிட்டால் பரவாயில்லை, கடைசியில் தானாகக் கிடைக்கும்)

படி 1: வட்டம் போட்டு உள்ளே நில்லுங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர் தாய்ச்சி ஓனோ. புதிதாக வரும் மேலாளர்களைப் பட்டறைக்கு அழைத்துப்போய், தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ள நின்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நின்று பார்த்தால்தான் எங்கே எது தவறு என்று கண்ணுக்குத் தெரியும் என்பது தத்துவம்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்புக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நானும் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே இறங்கி நின்றேன். அசையவில்லை. யாரோடும் பேசவில்லை. கண்ணை அகல விரித்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்தன என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் மூன்றாவது வீட்டு அக்கா ஓடிவந்து என் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தார். இன்னொருவர் கையில் வேப்பிலையைத் திணித்தார். பூசாரி கற்பூரத்தோடு வந்துவிட்டார். "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்?" என்று அக்கா காலில் விழுந்தார். "நான் ப்ராசஸ் பாத்துட்டிருக்கேங்க்கா" என்றேன். பம்பைச் சத்தத்தில் அது அருள்வாக்கு மாதிரித்தான் கேட்டிருக்கும். விடுவதாக இல்லை. கூட்டம் சேர்ந்தது. தப்பித்தால் போதும் என்று "தை மாசம்" என்று சொல்லிவிட்டு வட்டத்தைத் தாண்டி ஓடினேன்.

குறிப்பு: ஆடி மாதத்தில் வட்டத்துக்குள் நிற்பதாக இருந்தால் அடையாள அட்டையைக் கழுத்தில் வெளியே தெரியும்படி தொங்கவிடவும்.

படி 2: ஏழு விரயங்களையும் பட்டியலிடுங்கள்

ஓனோ வகுத்த விரயங்கள் ஏழு. எங்கள் தெருவில் ஏழும் கொலுப்பொம்மை மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மிகை உற்பத்தி: நூறு வீட்டுத் தெருவில் முந்நூறு வீட்டுக்கான கூழ்.

காத்திருப்பு: வரிசையில் சராசரியாக 50 நிமிடம்.

இடமாற்றம்: அடுப்பிலிருந்து சன்னதிக்கும், சன்னதியிலிருந்து பந்தலுக்கும், பந்தலில் வெயில் வந்ததும் மறுபடி மரத்தடிக்கும் அண்டா ஊர்வலம் போவது.

மிகை வேலை: படையலுக்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால், ஒருவர் உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போடுவது.

அசைவு: கரண்டி எடுத்துவர வீட்டுக்குப் போனவர் காபி குடித்துவிட்டுக் கரண்டி இல்லாமல் திரும்புவது.

பழுது: கட்டி தட்டிய கூழ்.

இருப்பு: படையல் முடிந்ததும், வரிசை நகரத் தொடங்கும் முன்பே, ஒடுங்கிப்போன அலுமினிய வாளி ஒன்றில் கூழை மொண்டு தட்டுப் போட்டு மூடி ஓரமாக வைத்தார்கள். "கணக்கில் வராத இருப்பு, 1 வாளி" என்று குறித்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டாப்வாட்ச் தந்த அதிர்ச்சி பெரிது. ஒரு சொம்புக் கூழ் மொண்டு ஊற்ற ஆகும் நேரம் 6 நொடி. ஆனால் ஒவ்வொருவரும் அண்டா முன்னால் நின்ற நேரம் ஒன்றரை நிமிடம். மிச்சம் 84 நொடியில் என்ன நடந்தது? "மருமவளுக்கு எத்தினாவது மாசம்?" "ஆறு." "வாந்தி நின்னுதா?" "ஓனர் வாடகை ஏத்திட்டாராமே?" "உங்க மாமா கண்ணு ஆப்பரேஷன் என்னாச்சு?" கூழ் ஊற்றுகிறவர் அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி கேட்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எரிச்சல்படுவதாகவும் தெரியவில்லை. வாந்தி நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

93 விழுக்காடு விரயம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஆலையில் இப்படி ஒரு எண் கிடைத்தால் பதவி உயர்வு நிச்சயம்.

படி 3: 'ஏன்' என்று ஐந்து முறை கேளுங்கள்

ஒரு பிரச்சினைக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்டால் ஆணிவேர் கையில் வந்துவிடும் என்பது டொயோட்டா பாடம். இயந்திரம் நின்றது ஏன், ஃப்யூஸ் போனது ஏன், எண்ணெய் ஏறாதது ஏன் என்று போனால் கடைசியில் ஒரு வடிகட்டி இல்லாததில் போய் முடியும். ஓனோ சொன்ன உதாரணம் அது.

எங்கள் தெருவில் கூழின் முழுப் பொறுப்பும் ஒரு ஆயாவிடம். வயது எழுபத்தைந்துக்கு மேல். துடுப்பு அவர் கையைவிட்டு இறங்காததால் தெருவில் அவருக்குத் துடுப்பு ஆயா என்றே பெயர். அவரிடம் போனேன்.

"கூழு ஏன் ஆயா லேட்டு?"

"அடுப்பு எரியல கண்ணு."

"ஏன் எரியல?"

"வெறகு ஈரம்."

"ஏன் ஈரமாச்சு?"

"நேத்து ராத்திரி மழ கொட்டிச்சே, நீ பாக்கல?"

"ஏன் மழ..." கேட்கக் கூடாதுதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"ஆத்தாளுக்குக் கூழு ஊத்தறோமில்ல, பெய்யத்தான் செய்யும்."

"சரி, ஏன் கூழு ஊத்தறோம்?"

"மழ பெய்யத்தான்."

ஐந்து ஏன் முடிந்தது. கூழ் ஊற்றுவதால் மழை, மழையால் ஈர விறகு, ஈர விறகால் கூழ் தாமதம். இப்படித் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும் மூல காரணத்துக்கு எங்கள் பயிற்சிக் கையேட்டில் தீர்வு இல்லை. விறகின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டிருக்கலாமே என்றேன். "போட்டுத்தான் வெச்சிருந்தேன். மைக்செட்டுக்காரன் பொட்டி நனையுதுன்னு வந்து நின்னான். பாவம், குடுத்துட்டேன்" என்றார். எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் நனையாமல் தெருவெங்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

படி 4: வேண்டாததற்குச் சிவப்பு அட்டை கட்டுங்கள்

இரண்டாம் வருடம் ஆனியிலேயே களத்தில் இறங்கினேன். முதலில் 5எஸ். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. நம் மொழியில் சொன்னால், வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, அதையே வழக்கமாக்கு, வழக்கத்தை விடாதே. எல்லா அம்மாக்களும் தீபாவளிக்கு முந்தின வாரம் சொல்வதுதான். ஜப்பானிய மொழியில் சொன்னால் ஆண்கள் கேட்கிறார்கள்.

கோயில் பின்கட்டைத் திறந்தேன். ஈயம் போன அண்டா, கிழிந்த ஷாமியானா, கால் உடைந்த மர பெஞ்சு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து, அந்த ஒடுங்கிய அலுமினிய வாளி. பயன் தெரியாத பொருள் ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை கட்ட வேண்டும், 30 நாளில் யாரும் உரிமை கோராவிட்டால் அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. கட்டினேன்.

மாரியம்மன் கோயிலில் சிவப்பு என்ன பாடுபடும் என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லா அட்டைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். உடைந்த பெஞ்சின் அட்டைமேல் ஒரு முழம் கதம்பம். ஒரு அம்மாள் அண்டாவின் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நேந்துக்கிட்டுக் கட்டினதாங்க? எங்களுக்கும் ஒண்ணு கெடைக்குமா?" என்றார். மிச்சமிருந்த 38 அட்டையும் வேண்டுதலுக்குப் போய்விட்டது.

30 நாள் ஆயிற்று. உரிமை கோர யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது. பழைய இரும்புக்காரரை அழைத்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். பின்கட்டு பளிச்சென்று இருந்தது. படம் எடுத்து 'முன்பு', 'பின்பு' என்று தலைப்புப் போட்டேன்.

படி 5: கூழைத் தரப்படுத்துங்கள்

கூழ் எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். காலையில் அண்டாவில் நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது புளித்த கரைசலை ஊற்றிக் கிண்டுவார்கள். துடுப்பு நின்றால் அடிபிடிக்கும். கிண்டக் கிண்டக் கரைசல் கறுத்து, கனத்து, கொப்பளம் விட்டு 'தொப் தொப்' என்று பேசத் தொடங்கும். அப்போது ஆயா கையைத் தண்ணீரில் நனைத்து, கொதிக்கும் கூழை ஒரு தட்டுத் தட்டுவார். கையில் ஒட்டாவிட்டால் வெந்தது. ஆறியபின் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும். தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்பு.

கையால் தட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு அளவுகோலா? பெயிண்ட் ஷாப்பிலிருந்து ஃபோர்டு கப் வாங்கிவந்தேன். அடியில் நாலு மில்லிமீட்டர் சொச்சம் துளையுள்ள சிறு கிண்ணம் அது. பெயிண்ட்டை ஊற்றி எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்த்துக் கெட்டித்தன்மையைச் சொல்வோம். கூழை ஊற்றினேன். முதல் நொய் அரிசி துளையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் ஒரு சொட்டு வடியவில்லை. ஸ்டாப்வாட்ச் 20 நிமிடம் ஓடியது. ஆயா கிண்ணத்தை வாங்கிப் பார்த்து, "கொழந்தைக்கு மருந்து ஊத்தற பாலாடையா கண்ணு? ஓட்டையா போச்சே" என்று வருத்தப்பட்டார்.

இது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் வேறு. கோயில் அண்டாவில் காய்ச்சுவது பாதிதான். மீதி, 40 வீட்டிலிருந்து பெண்கள் குடத்திலும் குண்டானிலும் அவரவர் வீட்டுக் கூழைத் தலையில் சுமந்துவந்து அதே அண்டாவில் ஊற்றுவார்கள். ஒரு வீட்டுக் கூழ் தண்ணி, ஒரு வீட்டுக் கூழ் களி. ஒன்று புளித்தது, ஒன்று புளிக்காதது, ஒன்று உப்பில்லாதது. 1986-இல் மோட்டோரோலாவில் பிறந்த சிக்ஸ் சிக்மா முறைக்கு வேறுபாடு என்பதே பரம எதிரி. அதன் இலக்கு பத்து லட்சத்துக்கு 3.4 பிழை. எங்கள் தெருவுக்குக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 400 சொம்பு என்றால், ஒரு சொம்பில் ஒரு கல் கிடந்தபின் அடுத்த கல் 735-ஆவது ஆடியில்தான் கிடக்கலாம். இங்கேயோ 40 அடுப்பு, 40 கைப்பக்குவம், ஒரே அண்டா!

ஆயாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லார் வூட்டுக் கூழும் ஒரே மாரி இருந்தா எதுக்குக் கண்ணு ஒரே அண்டாவுல ஊத்தணும்? அவங்கவங்க வூட்லயே குடிச்சுக்கலாமே" என்றார்.

அதைக் கருத்து வேறுபாடு என்று குறித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அந்த வருடம் வீட்டுக் கூழ் வேண்டாம், வீட்டுக்கு 200 ரூபாய் கொடுத்தால் போதும், எல்லாம் ஒரே இடத்தில் ஒரே அளவில் காய்ச்சப்படும் என்று அறிவித்தேன். பணம் தடையில்லாமல் வந்தது. அதோடு முன்பு இல்லாத ஒன்றும் வந்தது. "உப்பு கம்மி." "போன வருஷம் மாரி இல்ல." "இருநூறு ரூபா குடுத்திருக்கோம், வெங்காயம் இவ்ளோதானா?" அதுவரை எங்கள் தெருவில் கூழைக் குறை சொன்ன ஆள் கிடையாது. குறை சொன்னால் அது தன் வீட்டுக் கூழாகவே இருந்துவிடலாம் என்ற பயம். இப்போது எல்லாரும் வாடிக்கையாளர் ஆகிவிட்டார்கள்.

படி 6: பொறுப்பைக் கட்டம் கட்டிப் பிரியுங்கள்

எந்த வேலைக்கு யார் செய்பவர், யார் பதில் சொல்பவர், யாரிடம் யோசனை கேட்க வேண்டும், யாருக்குத் தகவல் மட்டும் சொன்னால் போதும் என்று நாலு பிரிவாக எழுதுவதை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராசி' என்பார்கள் எங்கள் ஆலையில். கோயில் கூட்டத்தில் வெள்ளைப் பலகையை நிறுத்தி, கட்டம் போட்டு, "இதுதான் நம்ம ராசிக் கட்டம்" என்றேன்.

பூசாரி எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "பன்னெண்டு கட்டம் இருக்கணுமே, நாலுதான் இருக்கு?" என்றார். பிறகு கவலையோடு, "இதுல சனி எங்க இருக்கான்?" என்றார். தர்மகர்த்தா ஒன்றும் பேசாமல் என் பக்கம் கையைக் காட்டினார்.

ஒருவழியாக விளக்கிப் பெயர் கேட்டேன். யோசனை சொல்லும் கட்டத்துக்கு 31 பேர் கை தூக்கினார்கள். பதில் சொல்லும் கட்டத்தில் அம்மன் பெயரையே எழுதிவிடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. செய்பவர் கட்டம் காலியாக இருந்தது. அதில் எழுதச் சொல்லி யாரும் பெயர் கொடுக்கவில்லையே தவிர, ஒவ்வொரு வருடமும் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட எட்டுப் பேர் வந்துவிடுகிறார்கள். அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

துடுப்பு ஆயாவுக்கு வயதாகிறது, சிரமம் வேண்டாம் என்று அவர் பெயரை 'தகவல் மட்டும்' கட்டத்தில் எழுதினேன். தகவலை அவருக்கு யார் சொல்வது என்று எழுத இடமில்லை.

படி 7: டோக்கன் கொடுங்கள்

அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி காலியானால் காலியான அளவுக்கு மட்டும் நிரப்புவார்கள். ஓனோவைக் கவர்ந்த இந்த ஏற்பாட்டை 1956-இல் அவர் அமெரிக்கா போனபோது நேரிலும் பார்த்தார். கான்பன் என்னும் அட்டை முறை இந்த யோசனையில் வளர்ந்ததுதான். கேட்ட அளவுக்கு மட்டும் உற்பத்தி.

வீட்டுக்கு மூன்று டோக்கன் என்று அச்சடித்துக் கொடுத்தேன். அதுவரை கூழ் தீர்ந்துபோகும் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. டோக்கன் கைக்கு வந்த நிமிடம் எல்லாருக்கும் வந்துவிட்டது. "மூணுதானா? எங்க வூட்ல ஏழு பேரு." "அந்த வூட்டுக்கு மட்டும் அஞ்சு குடுத்தாங்களாமே?" கூழே குடிக்காதவர்கள்கூட டோக்கனை விடக் கூடாது என்று வந்து வாங்கினார்கள். ஒரு பையன் டோக்கனைக் கலர் ஜெராக்ஸ் எடுத்திருந்தான். ஆலையில் நான் பார்த்த எந்தப் போலி உதிரிபாகமும் அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

படி 8: பலனை அளந்து பெருமையோடு அறிவியுங்கள்

கூழ் ஊற்றும் நாள் வந்தது. அடுப்பு, படையல், பந்தல் எல்லாம் ஒரே நேர்கோட்டில். அண்டா ஒருமுறைதான் நகர்ந்தது. கூழ் ஊற்றுபவர்கள் பேசக் கூடாது என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். டோக்கனை வாங்கு, ஊற்று, அடுத்து. காத்திருப்பு 50 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் குறைந்தது. வழக்கமாக இரண்டரை மணிக்கு முடிவது 11.40-க்கு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு கரண்டி கிடையாது. பலகையில் எண்களை எழுதித் திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாரும் சீக்கிரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் போய்விட்டார்கள். எந்த மருமகளுக்கு எத்தனாவது மாதம் என்று அந்த வருடம் யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு மணிக்குத் துடுப்பு ஆயா வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருந்தது.

"மொத வாளி எங்க கண்ணு?"

"எந்த வாளி ஆயா?"

எங்கள் தெருக்கோடியில் ஒரு அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி, அரை மணி நேரம்தான். சொம்போடு வந்து வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போய்விடும். அதனால் படையல் முடிந்ததும் மொள்கிற முதல் வாளி அவர்களுக்கு. தெருப் பையன்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். அபார்ட்மென்ட் வரும் முன் அந்த வாளி செங்கல் சூளைக்குப் போனது. அதற்கும் முன்னால், ஏரிப் பாசனம் இருந்த காலத்தில், நாற்று நடும் பெண்களுக்கு வயலுக்குப் போனது. வாளி ஒடுங்கியது அந்த வரப்பில் யாரோ வழுக்கி விழுந்தபோது. ஆயா இதையெல்லாம் நாலே வாக்கியத்தில் சொன்னார்.

"ஆனா ஆயா, இந்த வருஷம் காத்திருக்கற நேரத்தைப் பாருங்க, அம்பது நிமிஷம் பன்னெண்டா..."

"வரிசையில வந்து நிக்க முடியாதவன் நின்ன நேரம் உன் கடியாரத்துல ஏறுமா?"

ஏறாது. அந்த ஸ்டாப்வாட்சில் அதற்குப் பொத்தான் இல்லை. ஆயா வீட்டுக்குப் போய், இருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் குண்டானில் போட்டுக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்து நடந்தார்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்படியானால் இந்த முறைகள் பொதுத் தொண்டில் பலிக்கவே பலிக்காதா?

பலிக்கும். நியூயார்க்கில் உணவு வங்கி ஒன்றுக்கு டொயோட்டா தன் பொறியாளர்களையே அனுப்பிவைத்தது. ஹார்லெமில் ஒரு இலவச உணவுக்கூடத்தில், சாப்பிட வருகிறவர்கள் தெருவில் 90 நிமிடம் வரை நின்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுவது அங்கே வழக்கம். நாற்காலி ஒன்று காலியானால் ஒருவரை விடு, காலியான நாற்காலியைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளைப் போடு என்று மாற்றினார்கள். 90 நிமிடம் 18 ஆனது. 2013-இல் இது செய்தியாக வந்தபோது அச்செடுத்து என் மேசையில் ஒட்டிவைத்தேன். 90, 18 என்ற எண்களைத்தான் அப்போது படித்தேன். அங்கே பசியோடு தெருவில் நின்றவனிடமிருந்து தொடங்கினார்கள் என்பதை ஆயா வீட்டுக்குப் போனபிறகுதான் படித்தேன். எங்கள் தெருவில் வரிசையில் நின்றவர்கள் பசியால் நிற்கவில்லை. பசித்தவன் வரிசையிலேயே இல்லை.

தொண்டர்கள் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

மெமோ கொடுக்க முடியாது, சம்பளம் பிடிக்க முடியாது. அவர்களுக்குச் சம்பளமே நீங்கள் விரயம் என்று எழுதிய அந்த 84 நொடிதான். அதைப் பிடித்தீர்களானால் அடுத்த வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள்தான் அடுப்பு மூட்ட வேண்டும். நான் மூட்டினேன். விறகு ஈரம்.

வெளியூர்க் கோயில்களை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

தாராளமாக. வடலூர் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. இயந்திரம் நிற்காமல் ஓடிய நேரம் என்று எங்கள் ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் எழுதிய பெரிய எண் 41 நாள்.

உங்கள் முன்கணிப்பில் ஒன்றாவது பலித்ததா?

மூன்றாவது வீட்டு அக்காவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலை எனக்கு. இப்போதும் சிலர் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வந்து திண்ணையில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு டோக்கன் கொடுப்பதில்லை.

அந்த வாளி என்ன ஆயிற்று?

அன்று சாயங்காலமே பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். எடைக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்ட வாளியை 150 ரூபாய் கொடுத்து மீட்டேன். சிவப்பு அட்டை அப்படியே இருந்தது. மழையில் குங்குமம் வழிந்து, 'பயன்: தெரியவில்லை' என்று நான் எழுதிய எழுத்தின்மேல் காய்ந்திருந்தது. அட்டையைக் கழற்றப் போனேன். "வேணா, இருக்கட்டும். ஆத்தா கோயில்ல கட்டினது" என்றார் ஆயா.

மூன்றாம் வருடம் டோக்கன் இல்லை, பலகை இல்லை. 40 வீட்டிலிருந்தும் கூழ் வந்து அண்டாவில் விழுந்தது. எனக்கு எந்தக் கட்டத்திலும் பெயர் இல்லை. படையல் முடிந்ததும் ஆயா முதல் வாளியை மொண்டு, தட்டுப் போட்டு மூடி, என் பக்கம் தள்ளினார். இன்னொரு பக்கம் பிடிக்கப் பையன் ஒருவனைத் தேடினேன். அவன் வரிசையில் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தான். நானே தூக்கினேன்.

கோயிலிலிருந்து தெருக்கோடிக்கு நூற்றைம்பது அடிதான் இருக்கும். பாதி வழியில் கைப்பிடிக் கம்பி உள்ளங்கையை அறுத்தது. வாளியைக் கீழே வைத்துக் கையைப் பார்த்தேன். சிவந்து கோடு விழுந்திருந்தது. எத்தனை வருடமாக எத்தனை பையன்கள் கையில் இந்தக் கோடு விழுந்திருக்கும்! பேன்ட் பாக்கெட்டில் ஆலையில் போடும் பருத்திக் கையுறை ஒன்று கிடந்தது. அதைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, கோயில் காப்புக் கயிற்றில் மிச்சமிருந்த துண்டால் கட்டினேன். தூக்கிப் பார்த்தேன். அறுக்கவில்லை.

காலி வாளியோடு திரும்பியபோது ஆயா கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இது நல்லாருக்கே" என்றார். "யாரு சொல்லிக் குடுத்தா?"